பக்கத்து வீட்டு நாய் விடாமல் குரைக்குதா? உறவு கெடாமல் எப்படிப் பேசுவது, சட்டம் என்ன சொல்லுது?

விடியற்காலை மணி 4.20. தானா ராத்தா. வெளியே 15 டிகிரி குளிர். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய நேரம். ஆனா பக்கத்து வீட்டு வாசலில் ஜிம்மி ஆரம்பிச்சாச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை. விட்டு விட்டு ஆறு மணி வரைக்கும்.

இது என் சித்தி வீட்டில் நடந்த கதை. சித்தி மகளுக்கு அது எஸ்.பி.எம் வருஷம். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிச்சுட்டுப் படுத்தா நாலரைக்கே முழிப்பு வந்துடும். "போய்ச் சொல்ல வேண்டியதுதானே சித்தி?" என்று கேட்டேன். "எப்படிப்பா சொல்றது? அந்தத் தம்பியோட அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே தோட்டத்துல, ஒரே லயத்துல இருந்தவங்க. நாளைக்கு முகத்தைப் பார்க்கணுமே," என்றார்.

இந்தச் சங்கடம் சித்திக்கு மட்டும் உரியது இல்லை. தாமானில் இருந்தாலும் சரி, தோட்ட லயத்தில் இருந்தாலும் சரி, அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு நாய் என்பது பலருக்கும் வாயைத் திறந்து சொல்ல முடியாத பிரச்சனை. சொல்லாமல் இருந்தா தூக்கம் போகுது. தப்பாகச் சொன்னா உறவு போகுது. நடுவில் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலையில் சத்தம் ஏன் பெரிதாகக் கேட்குது?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏர்கோன் கிடையாது. கோலாலம்பூரில் ஜன்னலை மூடி ஏர்கோனைப் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு அந்த மெஷின் சத்தமே ஒரு திரை மாதிரி. வெளிச்சத்தம் பாதி அதில் கரைஞ்சுடும். இங்கே அந்தத் திரை இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ரோட்டில் வண்டியும் குறைஞ்சுடும். அந்த அமைதியில் ஒரு குரைப்பு தனியாக, தெளிவாக வந்து விழுகிறது.

இன்னொரு காரணம் காற்று. தெளிவான ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று இருக்கும். இப்படி அடுக்கு மாறும்போது மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து திரும்பவும் கீழே வருகிறது. பள்ளத்தாக்குகளில் இது அடிக்கடி நடக்கும். பகலில் காதிலேயே விழாத தூரத்து நாய், ராத்திரியில் பக்கத்தில் நிற்கிற மாதிரி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவு நாய் ஒன்று பக்கத்தில் நின்று குரைத்தால் 80 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 90 டெசிபல் என்றால், 16 மீட்டர் தள்ளி 66 டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில், படுக்கையறைக்குள் திடீரென்று எழும் ஒரு சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால்தான் தூக்கம் கெடாது என்று சொல்லியிருக்கிறது. பழைய வீடுகளில் இருக்கும் அடுக்குக் கண்ணாடி ஜன்னல்களோ முழுசாக மூடுவதே இல்லை. ஆக, "எனக்குத்தான் பொறுமை இல்லையோ?" என்று நீங்கள் உங்களையே குறை சொல்ல வேண்டியதில்லை.

உலகத்திலேயே அதிகச் சத்தமாகக் குரைத்த நாய் என்று கின்னஸ் பதிவில் இருப்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த சார்லி என்ற கோல்டன் ரிட்ரீவர். 2012 அக்டோபரில் அது எட்டியது 113.1 டெசிபல். நல்லவேளை, ஜிம்மி அந்த அளவுக்குப் போகவில்லை.

நாய் சும்மா குரைப்பதில்லை

வளர்ந்த ஓநாய்கள் அதிகம் குரைப்பதில்லை. மனிதனோடு வாழ வந்த பிறகு நாய்தான் குரைப்பதை ஒரு பேச்சு மாதிரி வளர்த்துக்கொண்டது. அந்தப் பேச்சு நமக்கும் ஓரளவு புரியும். ஹங்கேரியின் எத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு சூழலில் பதிவு செய்த குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட, இது அந்நியரைப் பார்த்துக் குரைப்பது, இது தனியாக விடப்பட்டபோது குரைப்பது என்று குருட்டு யூகத்தைவிட நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள்.

அதனால் கோபப்படுவதற்கு முன்னால், எப்போது, எப்படிக் குரைக்குது என்று கவனிச்சுப் பாருங்க. காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

ஆள் போகும்போதும் வரும்போதும் மட்டும் குரைத்தால், அது காவல் குரைப்பு. வாசலில் கட்டியிருக்கும் நாய்க்கு மோட்டார், தபால்காரர், குரங்கு, பூனை எல்லாமே எதிரிதான். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களில் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கம். அந்த நாய்களைப் பொறுத்தவரை குரைப்பதுதான் அவற்றின் வேலை.

வீட்டுக்காரர் வெளியே போன கொஞ்ச நேரத்தில் தொடங்கி, ஊளையும் முனகலுமாக நீண்டால், அது பிரிவுத் துயரம். தனியாக இருக்கப் பயப்படுகிற நாய் அது.

ஒரே தாளத்தில், யாரையும் பார்க்காமல், மணிக்கணக்கில் குரைத்தால் அலுப்பு. குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கிடக்கும் நாய்களிடம் இது சகஜம்.

இடி இடிக்கும்போதும், தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்தில் பட்டாசு வெடிக்கும்போதும் குரைத்தால், அது பயம். நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கே அதிர்கிற வெடி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

இதுவரை அமைதியாக இருந்த வயசான நாய் திடீரென்று ராத்திரியில் குரைக்க ஆரம்பித்தால், வலியோ, பார்வை குறைவோ, முதுமையில் வரும் மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம். அதைக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்டணும்.

முதல் வேலை: ஒரு வாரம் எழுதி வையுங்க

"உங்க நாய் எந்நேரமும் குரைக்குது" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே "எங்க நாயா? எந்நேரமுமா?" என்று கேட்பார். பேச்சு அங்கேயே தடம் புரண்டுடும். ஆனால், "திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் விடிய 4.10-க்கு ஆரம்பிச்சு 5.50 வரைக்கும் இருந்துச்சு" என்று சொன்னால் அதில் சண்டைக்கு இடமில்லை.

கைப்பேசியிலேயே குறிச்சு வைக்கலாம். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது என்ன நடந்தது (மழை, யாரோ நடந்து போனது, வீட்டுக்காரர் வண்டி கிளம்பியது). ஒன்றிரண்டு நாள் உங்கள் அறையிலிருந்தே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்க. அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று வீடியோ எடுப்பது வேண்டாம். அது வேவு பார்ப்பது மாதிரி ஆகிவிடும். முகநூலில் போடுவது அதைவிட மோசம்.

என் சித்தி வீட்டில் ஒரு வாரம் எழுதியதில் ஒரு விஷயம் தெரிய வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் காய்கறிக் கொட்டகை வேலைக்கு நாலு மணிக்குக் கிளம்புகிறார். அவர் மோட்டார் சத்தம் தேய்ந்து மறைந்த பத்தாவது நிமிஷம் ஜிம்மி தொடங்குகிறது. எல்லா நாளும் இப்படித்தான். அவர் வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் சத்தமே இல்லை.

இந்த ஒரு வரிதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது.

எப்படிப் பேசுவது?

நேரம் முக்கியம். நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது, அரைத்தூக்கத்தில், கோபத்தோடு போய்க் கதவைத் தட்டாதீங்க. அவர் வேலை முடிந்து வந்து, குளிச்சு, தேநீர் குடிச்சு முடித்த சாயங்கால நேரம் நல்லது. வார இறுதி இன்னும் நல்லது.

ஒருவரோ இருவரோ போனால் போதும். நாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய் நின்றால் அது பேச்சு இல்லை, பஞ்சாயத்து. வெறுங்கையோடு போகாமல் வீட்டில் செய்த பலகாரம் கொஞ்சம் கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம்தானே. அது லஞ்சம் கிடையாது. "சண்டைக்கு வரலை" என்பதற்கான அடையாளம்.

முதல் வாக்கியம் நாயைப் பற்றிய குற்றச்சாட்டாக இருக்க வேண்டாம். உங்கள் வீட்டு நிலைமையிலிருந்து தொடங்குங்க. சித்தி பேசியது ஏறக்குறைய இப்படித்தான்:

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். விடிய நாலு மணிக்கு மேல ஜிம்மி சத்தம் கேட்டு எழுந்திடுறா. நீங்க வேலைக்குக் கிளம்பின பிறகுதான் அது குரைக்குது, அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன். ஏதாச்சும் பண்ண முடியுமா?"

அவர் சொன்ன பதில்: "அப்படியாக்கா? நான் இருக்கும்போது அது சத்தமே போடாதே!"

பல சண்டைகளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் இருக்கும்போது நாய் அமைதியாக இருக்கும். அவர் போன பிறகுதான் குரைக்கும். குரைப்பதைக் கேட்காத ஒரே ஆள் அந்த நாயின் சொந்தக்காரர்தான். பக்கத்து வீட்டுக்காரரோ, "தெரிஞ்சுக்கிட்டே கண்டுக்காம இருக்காரு" என்று மாதக்கணக்கில் மனசுக்குள் பொருமிக்கொண்டிருப்பார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்ற ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்க. எதிரில் இருப்பவருக்குத் தன் கௌரவம் கெடாமல் சரிசெய்து கொள்ள ஒரு வழி கிடைக்கும்.

நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் புலனத்தில் எழுதலாம், ஆனால் தனிச் செய்தியாக மட்டும். தாமான் குழுவில் போடாதீங்க. நாற்பது பேர் பார்க்க ஒருவரைக் குறை சொன்னால் அவர் நாயைக் கவனிக்க மாட்டார், தன் மானத்தைத்தான் கவனிப்பார். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணே, 12-ஆம் நம்பர் வீட்டிலிருந்து எழுதுறேன். நீங்க வெளிய போன பிறகு நாய் கொஞ்ச நேரம் குரைக்குது, தனியா இருக்கப் பயப்படுதோ என்னவோ. எனக்கு ராத்திரி ஷிப்ட், பகல்லதான் தூங்கணும். எப்ப நேரம் இருக்கும்னு சொல்லுங்க, வந்து பேசுறேன். நன்றி."

வேறு இனத்து அண்டை வீட்டாரிடம்

தானா ராத்தாவில் ஒரே வரிசையில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். நாய் விஷயத்தில் இதையும் மனசில் வைத்துத்தான் பேச வேண்டும்.

சீனக் குடும்பத்தோடு பேசுவதாக இருந்தால், வீட்டில் பெரியவரை "அங்கிள்", "ஆண்டி" என்று அழைத்து, அவர்களுக்கு வசதியான மொழியில், பெரும்பாலும் மலாயில், சுருக்கமாகச் சொல்லலாம். பெரியவருக்குப் புரியவில்லை என்றால் அந்த வீட்டு இளையவர்களிடம் சொல்வது நல்லது.

நாய் உங்களுடையதாக இருந்து, பக்கத்தில் முஸ்லிம் குடும்பம் இருந்தால், சத்தத்தோடு இன்னொரு விஷயமும் உண்டு. நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபி சட்ட மரபுப்படி, நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நாய் அவர்கள் வாசலுக்கோ, காயப்போட்ட துணிக்கோ, செருப்புக்கோ போகாமல் பார்த்துக்கொள்வது அடிப்படை மரியாதை. இந்த விஷயத்தில் நீங்களே முன்வந்து, "எங்க நாய் ஏதும் தொந்தரவா இருந்தா உடனே சொல்லுங்க" என்று மலாயில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பாதிப் பிரச்சனை வருவதற்கு முன்பே போய்விடும்.

நாய் வீட்டார் என்ன செய்யலாம்?

"குரைக்காம பார்த்துக்குங்க" என்று சொல்வது சுலபம். எப்படி என்று அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். காரணத்தைப் பொறுத்துத்தான் வழி.

காவல் குரைப்பு என்றால் பார்வையை மறைப்பதே பாதி மருந்து. கேட்டில் ஒரு பலகையோ தகடோ அடித்துத் தெருவை மறைக்கலாம். இல்லாவிட்டால் நாயை முன்வாசலிலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றலாம். ஆனால் பின்பக்கம் இன்னொரு வீட்டுப் படுக்கையறை இருக்கிறதா என்று முதலில் பாருங்க. லயத்து வீடுகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுச் சுவரும். ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் வைத்த கதையாகிவிடும்.

அலுப்பு என்றால் நடை. கிளம்புவதற்கு முன்போ, முதல் நாள் மாலையோ அரை மணி நேரம் நடக்க வைத்த நாய் களைத்துத் தூங்கும். கடிக்க ஒரு எலும்பு பொம்மை, தேடித் தின்ன ஒளித்து வைத்த தீனி, இவையும் உதவும். குட்டைச் சங்கிலியை அவிழ்த்து, நடமாட இடம் கொடுப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிரிவுத் துயரம் என்றால் பொறுமை வேண்டும். முதலில் ரெண்டு நிமிஷம் வெளியே போய் வருவது, பிறகு ஐந்து, பிறகு பத்து என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தனிமைக்குப் பழக்கணும். கிளம்பும்போது கொஞ்சுவதும் திரும்பி வந்ததும் ஆர்ப்பாட்டம் செய்வதும் வேண்டாம். சில நாய்களுக்குக் கால்நடை மருத்துவரின் உதவி தேவைப்படும். இது ரெண்டு நாளில் தீராது, வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டுக்காரரும் அதுவரை பொறுக்கணும்.

ஒன்றை மட்டும் செய்யாதீங்க: நாய் குரைக்கும்போது பதிலுக்குக் கத்துவது. நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குத் தோன்றும். அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் குரைப்பும் கூடும்.

பேசியும் பலன் இல்லையா? அடுத்த படிகள்

ஒரு தடவை பேசினீங்க, ரெண்டு வாரம் பொறுத்தீங்க, மறுபடியும் பேசினீங்க. எதுவும் மாறவில்லை என்றால் மூன்றாம் ஆளின் உதவியை நாடலாம்.

முதலில், ருக்குன் தெத்தாங்கா. 1975-இல் தொடங்கிய இந்த அக்கம்பக்கத் திட்டம் ராத்திரி ரோந்து போவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு ருக்குன் தெத்தாங்கா சட்டப்படி (சட்டம் 751), குடியிருப்பாளர்களுக்கு இடையிலான சச்சரவுகளில் மத்தியஸ்தம் செய்வதும் அதன் பணிகளில் ஒன்று. தேசிய ஒற்றுமைத் துறை இதற்காகச் சமூக மத்தியஸ்தர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. மத்தியஸ்தர் தீர்ப்பு சொல்ல மாட்டார். இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வைப்பார். தோட்டமாக இருந்தால் நிர்வாகத்திடமோ, இரு வீட்டாரும் மதிக்கும் கோயில் தலைவரிடமோ சொல்வதும் நடைமுறையில் இருப்பதுதான்.

அடுத்து, ஊராட்சி மன்றம். தானா ராத்தாவுக்கு அது கேமரன் மலை மாவட்ட மன்றம். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) பொதுத் தொந்தரவுகளை அகற்றும் பொறுப்பையும், அதற்காக நோட்டீஸ் அனுப்பும் அதிகாரத்தையும் மன்றங்களுக்குக் கொடுக்கிறது. நாய் உரிமத்துக்கான துணைச்சட்டங்களும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. உரிமக் கட்டணம், ஒரு வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதெல்லாம் மன்றத்துக்கு மன்றம் மாறும். அதனால் உங்கள் மன்றத்திடமே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. புகாரை நேரிலோ எழுத்திலோ கொடுக்கலாம். நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வாரக் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வைச்சுக்குங்க.

"மன்றத்திடம் சொன்னா நாயைப் பிடிச்சுட்டுப் போய்க் கொன்னுடுவாங்களோ?" என்ற பயம் பலருக்கு உண்டு. 2024 அக்டோபரில் திரங்கானு, பெசூட்டில் 'கோப்பி' என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டதாக எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. ஆனால் சொந்தக்காரர் இருக்கிற வீட்டு நாய் வேறு, சொந்தக்காரர் இல்லாத தெருநாய் வேறு. புகாரில் "இது வளர்ப்பு நாய், சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை" என்று தெளிவாக எழுதுங்க. நாய் வளர்ப்பவர்களும் உரிமம் எடுத்து, கழுத்தில் அடையாள வில்லை மாட்டி வைப்பது அந்த நாயின் உயிருக்கே பாதுகாப்பு.

அடுக்குமாடியில் இருந்தால் வழி வேறு. அங்கே 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (சட்டம் 757), அதன் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் பொருந்தும். அந்த விதிமுறைகளின் மூன்றாவது அட்டவணையில் 14-ஆவது துணைவிதி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நிர்வாகம் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தால் 3 நாட்களுக்குள் விலங்கை அப்புறப்படுத்த வேண்டும். கவனிச்சுப் பாருங்க, இது ரொம்பக் கடுமையான விதி. ஒரு குடும்பத்தில் பிள்ளை மாதிரி வளர்ந்த நாய் மூன்றே நாளில் வேறு இடம் தேட வேண்டி வரும். அதனால்தான், நிர்வாகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை கதவைத் தட்டிப் பேசுவது நியாயம்.

கடைசியாக, நீதிமன்றம். தொந்தரவுக்கு எதிராகச் சிவில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு கேட்க வழி இருக்கிறது. இதன் வேர் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி வரை இருந்த இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைத் தீபகற்ப மலேசியாவுக்கு எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1936-இல் ஒரு சுவாரஸ்யமான வழக்கு. குடியிருப்புப் பகுதியில் ஒருவர் ஏறக்குறைய 750 சேவல்களை வளர்த்தார். விடியலுக்கு முன்பே அவை கூவ, பக்கத்து வீட்டுக்காரர் நீதிமன்றம் போனார். லீமன் எதிர் மொன்டேகு என்ற அந்த வழக்கில், அது தொந்தரவுதான் என்று சொல்லி நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. ஒரு விலங்கின் இயல்பான சத்தமும் அளவு மீறினால் சட்டப்படி தொந்தரவாகலாம் என்பதே இதிலிருந்து கிடைப்பது. ஆனால் வழக்கறிஞர் செலவு, காலம், அதற்குப் பிறகும் அதே வீட்டில் அதே அண்டை வீட்டாரோடு வாழ்வது எல்லாவற்றையும் யோசித்துத்தான் இந்தப் படியில் கால் வைக்கணும்.

எந்த நிலையிலும் செய்யக் கூடாதவை

கோபத்தில் சிலர் விஷம் வைக்கிறார்கள். கல்லெறிகிறார்கள். வெந்நீர் ஊற்றுகிறார்கள். இது பாவம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், குற்றமும்கூட. 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் (சட்டம் 772) 2017 ஜூலை 18 முதல் அமலில் இருக்கிறது. விலங்கை அடித்துத் துன்புறுத்துவது, காரணமின்றி விஷம் கொடுப்பது போன்ற கொடுமைகளுக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வைத்த விஷத்தை இன்னொரு வீட்டுப் பூனையோ, தெருவில் விளையாடும் குழந்தையோ எடுக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதே சட்டம் நாய் வளர்ப்பவரையும் விட்டுவைக்கவில்லை. பொருத்தமான இருப்பிடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைக் கொடுப்பது சொந்தக்காரரின் கடமை. நாள் முழுக்கச் சங்கிலியில் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்து குரைக்கும் நாயைப் பார்த்தால், அது உங்கள் தூக்கப் பிரச்சனை மட்டும் இல்லை. கால்நடைச் சேவைத் துறையிடம் தெரிவிக்க வேண்டிய விஷயம்.

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் அண்டை வீட்டார் தகராறுக்கென்றே தனி நடுவர் மன்றம் 2015 அக்டோபர் முதல் இயங்குகிறது. வளர்ப்பு விலங்கின் அளவுக்கு மீறிய சத்தமும் அந்தச் சட்டம் குறிப்பிடும் தொந்தரவுகளில் ஒன்று. 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். அங்கேயும் முதலில் சமூக மத்தியஸ்தம்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

இந்தியாவில் விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டு பக்கமும் பேசுகிறது. குரைப்பது நாயின் இயல்பு, அதைக் காரணம் காட்டிக் குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கவே தடை போட முடியாது என்கிறது. அதே நேரம், விடாமல் குரைத்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை, அதிலும் ராத்திரியில் நாயை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் முயற்சி எடுக்கணும் என்கிறது.

ஜிம்மி இப்போது எப்படி இருக்கு?

சித்தி பேசிய அந்த வாரமே அண்ணன் கேட்டுக்கு ஒரு பலகை அடித்தார். ராத்திரியில் ஜிம்மியை வாசலில் கட்டாமல் அடுப்படிப் பக்கம் விட ஆரம்பித்தார். அவர் மகன் சாயங்காலம் அதை விளையாட்டுத் திடல் வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனான். முதல் பத்து நாள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. "சொன்னதே வீண்" என்று சித்தி அலுத்துக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷமாகக் குறைந்தது. பிறகு சில நாள் ஐந்து நிமிஷம், சில நாள் ஒன்றுமே இல்லை.

முழுசாக நிற்கவில்லை. பரீட்சை வாரத்தில் பாப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். ஆனால் அந்த வாரம் அண்ணன் தானாகவே வந்து, "அக்கா, பாப்பாவுக்கு எத்தனாம் தேதி முடியுது? அது வரைக்கும் ஜிம்மியை எங்க மாமியார் வீட்ல விட்டுடவா?" என்று கேட்டார். சித்தி வேண்டாம் என்றுவிட்டார். "அதை அங்க கொண்டு போய் விட்டா அந்த வீட்டுக்காரங்க தூங்க வேணாமா?" என்பது அவர் சொன்ன காரணம்.